கொடுத்தபின் கணக்குக் கேட்கலாமா?

நம் தமிழில் இரண்டு பழமொழிகள் உண்டு. "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது ஒன்று. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது மற்றொன்று. முதலாவது, வாங்குகிறவனுக்குச் சொன்னது. இரண்டாவது, கொடுக்கிறவனுக்குச் சொன்னது. வாங்கியவன் கொடுத்தவனை நோண்டிக் கேட்பது அழகல்ல. கொடுக்கிறவனோ, தான் கொடுப்பது எங்கே போகிறது, எவ்வளவு போகிறது என்று அறிந்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் நம்மில் பலர் இடம் மாற்றி வைத்துக்கொண்டு, கொடுத்தவன் வாய் திறக்கவே கூடாது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இது வீண் தர்க்கம் அன்று. நாள்தோறும் நம் முன் வந்து நிற்கும் கேள்வி. சனிக்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளைகள் டப்பாவை ஏந்திக்கொண்டு ரயில் நிலைய வாசலில் நிற்கிறார்கள். கடை மேசையில் உண்டியல் வைக்க அனுமதி கேட்டு வருகிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் குழாய் செருகிய ஒரு குழந்தையின் படமும், "இன்றே அனுப்புங்கள்" என்ற வேண்டுகோளும் வருகின்றன. நோயாளிகளின் பெயரால் கேட்கும்போது கல் நெஞ்சும் கரையும். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆகவேதான், மற்ற தர்மங்களைவிட நோயாளிகளுக்கான தர்மத்தில் கணக்கு இன்னும் துலக்கமாய் இருக்க வேண்டும் என்கிறோம்.

நாம் மளிகைக் கடை நடத்துகிறவர்கள். அரிசி நிறுத்துக்கொண்டிருக்கும்போதே ஊர்ப் பேச்செல்லாம் நம் காதில் விழும். வைத்திய தர்ம ஸ்தாபனங்களைப் பற்றி ஜனங்கள் சொல்லும் அபிப்பிராயங்களைத் தொகுத்துப் பார்த்தால் அவை மூன்று வகைக்குள் அடங்கும். "அல்லாஹ்வுக்காகக் கொடுத்தாயிற்று, இனி அதைக் கிளறுவானேன்? தின்றவன் பதில் சொல்லிக்கொள்வான்" என்பது ஒரு வகை. "நோயாளிக்கு வைத்தியம் நடக்கிறதா, இல்லையா? நடந்தால் சரி. நடத்துகிறவர் எவ்வளவு எடுத்துக்கொண்டால் நமக்கென்ன?" என்பது இரண்டாவது வகை. "எல்லாரும் ஒன்றுதான், இனி எவனுக்கும் ஒரு காசும் கொடுப்பதில்லை" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் உரைத்துப் பார்க்க நம் சிங்கப்பூரிலேயே ஓர் உரைகல் இருக்கிறது. அதுதான் 2005 ஆம் ஆண்டில் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தில் நடந்த விவகாரம். இன்றைய இளைஞர்கள் பலருக்கு அது தெரியாது. பெரியவர்களுக்கோ பாதி மறந்துவிட்டது. ஆகையால் அதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்து இரத்தத்தைச் சுத்தி செய்துகொள்ள வேண்டும். பெருநாள் என்றோ, மழை என்றோ, கையில் காசில்லை என்றோ அதைத் தள்ளிப்போட முடியாது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலன்றி ஆயுள் உள்ளவரை இதே கதிதான். இந்நாட்டில் புதிதாகச் சிறுநீரகம் பழுதாகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீரிழிவே காரணம். நீரிழிவு நம்மவர் வீடுகளில் எவ்வளவு சகஜம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இது யாரோ அயலாரின் வியாதி அன்று.

இந்த வியாதியஸ்தர்களுக்காக 1969 ஆம் ஆண்டில், டாக்டர் கூ ஊன் டெக் என்பாரின் முயற்சியால் அந்த ஸ்தாபனம் தோன்றியது. குறைந்த கட்டணத்தில் இரத்தச் சுத்திகரிப்புக் கிடைக்கச் செய்து, பல குடும்பங்களைக் காப்பாற்றியது. இந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது, மறுப்பதும் நியாயமாகாது. 1992 ஆம் ஆண்டில் டி.டி. துரை என்பவர் அதன் தலைமை நிர்வாகியானார். வழக்கறிஞர், மிகுந்த திறமைசாலி. பணம் திரட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை என்று பேர் எடுத்தார். 1994 முதல் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் பெரிய தர்ம நிகழ்ச்சிகள் நடந்தன. நட்சத்திரங்கள் ஆடினார்கள், பாடினார்கள், உயிரைப் பணயம் வைத்துச் சாகசங்கள் செய்தார்கள். நோயாளிகள் மேடையேறி அழுதார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தொலைபேசியைச் சுழற்றினால் நன்கொடை போய்ச் சேரும். அதிர்ஷ்டம் இருந்தால் காரோ அடுக்குமாடி வீடோ பரிசாக விழும். இலட்சக்கணக்கில் வெள்ளி குவிந்தது.

அக்காலத்திலும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். நிர்வாகி விமானத்தில் முதல் வகுப்பில் பயணம் செய்கிறார், பணம் விரயமாகிறது என்று 1990களில் வாய்விட்டுச் சொன்ன சிலர்மீது வழக்குப் போடப்பட்டது. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், இழப்பீடும் கொடுத்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

2004 ஏப்ரலில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. நிர்வாகியின் அறைக்குரிய குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் பொருத்தச் சொன்னார்கள் என்று ஒரு குத்தகைக்காரர் கூறியதாக அதில் கண்டிருந்தது. ஸ்தாபனம் பத்திரிகைமீது மான நஷ்ட வழக்குத் தொடுத்தது. கேட்ட தொகை 32 இலட்சம் வெள்ளிக்கு மேல். 2005 ஜூலை 11 ஆம் தேதி விசாரணை தொடங்கியது. மறுநாளே வழக்கு வாபஸ் ஆயிற்று! அந்த இரண்டு நாளில் வெளிவந்தவைதான் நாட்டையே உலுக்கின. நிர்வாகிக்கு மாதச் சம்பளம் 25,000 வெள்ளி. சம்பளமும் போனஸும் சேர்த்து 2002 முதல் 2004 வரையிலான மூன்றாண்டில் ஏறத்தாழ 18 இலட்சம் வெள்ளி. முன்னர் வழக்குப் போட்டு வாயடைத்த முதல் வகுப்புப் பயணமும் மெய்யே என்று தெரிந்தது. 3,000 நோயாளிகள் என்று சொல்லப்பட்டிருக்க, உண்மையில் இருந்தவர்கள் சுமார் 2,000 பேரே. சேமிப்பு 26 கோடி வெள்ளிக்கு மேல் இருந்தது. அது மூன்று ஆண்டுக்குத்தான் காணும் என்று ஸ்தாபனம் சொல்லியிருக்க, அதைப்போல் பல மடங்கு காலத்துக்குக் காணும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கணக்குக் காட்டினார்.

இதற்கிடையில், ஸ்தாபனத்தின் புரவலராக இருந்த அம்மையார், இவ்வளவு பெரிய ஸ்தாபனத்தை நடத்துகிறவருக்கு ஆண்டுக்கு ஆறு இலட்சம் வெள்ளி என்பது வெறும் வேர்க்கடலைதான் என்னும் பொருள்படப் பேசிவிட்டார். பின்னர் அதற்காக வருத்தமும் தெரிவித்தார். ஆனால் சொல் பறந்துவிட்டது. கச்சாங் பூத்தே விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த நம் பெரியவர்களுக்கு, ஒரு கூம்புக் கடலைக்கு எத்தனை காசு என்று தெரியும் அல்லவா? மாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொன்ன கூலித் தொழிலாளிகள் கொதித்தார்கள். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையொப்பமிட்டார்கள். ஸ்தாபனத்தின் கட்டடச் சுவரில் பொய்யன் என்று எழுதிவைத்தார் ஒருவர். ஜூலை 14 ஆம் தேதி நிர்வாகியும் நிர்வாகக் குழுவினரும் விலகினார்கள். ஜெரார்ட் ஈ தலைமையில் புதிய குழு பொறுப்பேற்றது. அவ்வாண்டு டிசம்பரில், கேபிஎம்ஜி தணிக்கையாளர்கள் நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை வெளியிட்டார்கள். 2007 ஜனவரியில், புதிய குழு தொடுத்த வழக்கில், சுமார் 40 இலட்சம் வெள்ளியைத் திருப்பித் தர துரை ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில், 20,000 வெள்ளிக்கான பொய்ப் பட்டியல் ஒன்றின் சம்பந்தமான குற்றத்துக்காக அவருக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது.

அன்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றவியல் நீதிமன்றம் தண்டித்தது பொய்ப் பட்டியலை. பெரிய சம்பளம் வாங்கியதற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. கோடிக்கணக்கில் சேமித்து வைத்ததும் சிறைக்குரிய குற்றமாகவில்லை. ஆயினும் ஜனங்கள் கொதித்தது இருபதாயிரம் வெள்ளிப் பட்டியலுக்காகவா? இல்லை. அந்தப் பட்டியல் வெளிவருமுன்பே கொதித்துவிட்டார்கள். அப்படியானால் அவர்கள் எதற்காகக் கோபித்தார்கள்? அந்தக் கோபம் நியாயந்தானா? சட்டப் புத்தகம் முடிகிற இடத்தில் நம் கேள்வி தொடங்குகிறது.

இனி மூன்று அபிப்பிராயங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொடுத்தபின் கிளறாதே என்பவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது பாவம் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அந்த அச்சம் மிகவும் நல்லது. ஆனால் சொல்லிக் காட்டுவது வேறு. கணக்குக் கேட்பது வேறு. சொல்லிக் காட்டுகிறவன் வாங்கிய ஏழையின் தலையைக் குனியவைக்கிறான். கணக்குக் கேட்கிறவனோ, ஏழைக்கும் தனக்கும் நடுவில் நிற்கும் மனிதரைக் கேட்கிறான். அந்த நடுமனிதருக்கு நாம் தானம் கொடுக்கவில்லை. இன்னாரிடம் கொண்டுபோய்ச் சேர் என்று அமானிதமாக ஒப்படைத்தோம். ஊருக்குப் போகிறவர் கையில் உம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினால், சேர்ந்ததா என்று விசாரிக்கிறோம் அல்லவா? அப்படி விசாரிப்பதால் உம்மாவுக்குக் கொடுத்ததைச் சொல்லிக் காட்டியவர் ஆவோமா? ஆகமாட்டோம். விசாரியாமல் இருந்துவிட்டால்தான், உம்மாவைப்பற்றிய அக்கறை நமக்கு அவ்வளவுதான் என்று ஆகும். கொடுத்தவுடன் நம் புண்ணியம் எழுதப்பட்டுவிட்டது என்று திருப்தியோடு கையை உதறிக்கொள்கிறவர், தம் புண்ணியத்தை நினைத்தாரேயன்றி நோயாளியை நினைக்கவில்லை.

இரண்டாவது அபிப்பிராயத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. பெரிய ஸ்தாபனத்தை நடத்தத் திறமை வேண்டும். திறமைக்குக் கூலி வேண்டும். டாக்டரும் தாதியும் கணக்கரும் காற்றைக் குடித்து வாழ முடியாது. ஜகாத்தைத் திரட்டும் ஊழியருக்கும் அதிலேயே ஒரு பங்கு உண்டு என்பது நாம் அறிந்ததே. தர்ம காரியத்தில் இருப்பவர் கந்தல் உடுத்தித்தான் வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் சிலரை நாம் பார்த்திருக்கிறோம். அது நியாயமல்ல, அப்படி எதிர்பார்த்தால் நல்ல ஆட்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

ஆனால் கூலி நியாயமானதா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நம் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு இவ்வளவு சம்பளம் என்று யார் கேட்டாலும் சொல்லுவோம். சொல்லக் கூசுகிற சம்பளம் ஒன்று இருக்குமானால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ளூர அது தவறென்று தெரிந்திருக்கிறது என்றே பொருள். ஆறு இலட்சம் நியாயம் என்று அந்த நிர்வாகக் குழு உண்மையாகவே நம்பியிருந்தால், தொலைக்காட்சி நிகழ்ச்சியில், நோயாளி அழுத அதே மேடையில், "எங்கள் நிர்வாகிக்கு ஆண்டுக்கு ஆறு இலட்சம் வெள்ளி கொடுக்கிறோம், அவர் அதற்குத் தகுந்தவர், நீங்கள் நன்கொடை அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் எத்தனை தொலைபேசி மணி அடித்திருக்கும்? அவர்கள் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் கூண்டில் நிற்கும்போதுதான் அது வெளியே வந்தது. ஜனங்களின் கோபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தொகை பெரிது என்பதைவிட, மறைத்துவைத்து வாங்கினார்கள் என்பதே அவர்களைச் சுட்டது.

அரிசி வியாபாரத்தில் பழைய அரிசி என்று சொல்லிப் புது அரிசியைப் போட்டால், அரிசி நல்ல அரிசியாகவே இருந்தாலும் வியாபாரம் மோசடிதான். வாங்கியவர் பசியாறிவிட்டாரே என்று வாதாட முடியாது. அதுபோலவே, 2,000 நோயாளிகளை 3,000 என்றும், பல்லாண்டுக்குக் காணும் பணத்தை மூன்றாண்டுக்கே காணும் என்றும் சொல்லித் திரட்டியபின், வைத்தியம் நடந்ததே என்று வாதாடுவது செல்லாது. தர்மம் செய்கிறவன் தன் பணத்தை மட்டும் கொடுப்பதில்லை; பத்து இடங்களை ஒப்பிட்டு, இங்கேதான் தேவை அதிகம் என்று தீர்மானித்தும் கொடுக்கிறான். அவனிடம் பொய்யான எண்ணைச் சொன்னால், அந்தத் தீர்மானத்தை அவனிடமிருந்து திருடியதாகும். அந்த ஐந்து வெள்ளி, அதைவிட அதிகத் தேவையில் இருந்த வேறொரு முதியோர் இல்லத்துக்கோ, அடுத்த வீட்டு விதவைக்கோ போயிருக்கலாம். அவர்களும் அன்று இழந்தார்கள். இழந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

பரிசு கொடுத்து நன்கொடை திரட்டுவதையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். வீடு விழுமா, கார் விழுமா என்று தொலைபேசியைச் சுழற்றுகிறவர் கையில் இருப்பது ஸதக்காவா, சீட்டா? நம்மவருக்கு இதில் மார்க்க விலக்கலும் உண்டு. அதை உலமாக்கள் சொல்லுவார்கள். நாம் வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்லுகிறோம். இலவசப் பொருளுக்காகக் கடைக்கு வருகிற வாடிக்கைக்காரர், அடுத்த கடையில் பெரிய இலவசம் கொடுத்தால் அங்கே போய்விடுவார். பரிசைக் காட்டிப் பழக்கிய நன்கொடையாளருக்கு நோயாளியின் முகம் நினைவில் நிற்பதில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் இன்னும் பெரிய பரிசு, இன்னும் பெரிய சாகசம், இன்னும் அதிகக் கண்ணீர் வேண்டியிருக்கிறது. கடைசியில் நோயாளி விளம்பரப் பலகை ஆகிவிடுகிறார். மானத்தோடு வாழ்ந்த ஒரு குடும்பத் தலைவர், வைத்தியத்துக்காக நாடறிய அழ வேண்டியிருந்தால், அவருக்குக் கொடுத்ததில் பாதியை நாம் திருப்பி எடுத்துக்கொண்டோம் என்றே சொல்ல வேண்டும்.

இனி மூன்றாவது அபிப்பிராயம். கோபத்தால் கையை மூடிக்கொண்டவர்களின் கட்சி. 2005 இல் ஆயிரக்கணக்கானோர் தங்கள் மாதாந்திர நன்கொடையை நிறுத்தினார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஏமாற்றப்பட்டவனின் கோபம் அது. அந்தக் கோபம் எழாதிருந்தால் எதுவும் திருந்தியிருக்காது என்பதும் மெய். ஆனாலும், ஒரு நிமிடம் நின்று யோசிப்போம். நிறுத்திய பணம் யாருடைய வயிற்றில் அடித்தது? நிர்வாகி இரண்டு நாளில் விலகிவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை நான்கு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் கிடக்க வேண்டிய மனிதர் விலகிப் போக முடியுமா? அவர் தங்கக் குழாயைக் கண்டாரா, விமானத்தின் முதல் வகுப்பைக் கண்டாரா? ஒரு பாவமும் அறியாத அவர், அந்த வாரம் படுக்கையில் கிடந்தபடி, "இனி நமக்கு யார் கொடுப்பார்கள்?" என்று எண்ணியிருப்பார் அல்லவா? பெரிய சேமிப்பு இருந்தபடியால் இயந்திரங்கள் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். சேமிப்பு இல்லாத சிறிய ஸ்தாபனத்தில் இப்படி நடந்திருந்தால் கதி என்ன? மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல ஆகியிருக்கும்.

"அப்படியானால் திருடனுக்கே தொடர்ந்து கொடு என்கிறீரா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொடுக்கிறவன் கையில் இருக்கும் ஒரே கடிவாளம் நிறுத்துவதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் யார் அவன் பேச்சைக் கேட்பார்கள்? ஆகவே நிறுத்த அவனுக்கு உரிமை உண்டு என்றே நாமும் சொல்லுகிறோம். ஆனால் அந்த உரிமை எதுவரை செல்லும்? எந்தக் கையின் வழியாகக் கொடுப்பது என்பதை மாற்றிக்கொள்ளும்வரை செல்லும். கொடுக்கும் கடமையையே ரத்து செய்துகொள்ளும்வரை செல்லாது. ஒரு தூதர் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டார் என்றால் தூதரை மாற்றுவோம். உம்மாவைப் பட்டினி போடமாட்டோம். இந்த ஸ்தாபனத்துக்குக் கொடுக்க மனமில்லையா? அதே வியாதியால் வாடும் வேறொருவருக்கு, வேறொரு வழியில் அதே பத்து வெள்ளி போகட்டும். அப்படிப் போகாமல் அந்தப் பத்து வெள்ளி நம் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டால், நம் கோபம் நோயாளிக்காகவா, நமக்கு ஒரு சாக்குக் கிடைத்ததற்காகவா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். "எல்லாரும் திருடர்கள்" என்பது கஞ்சனுக்கு மிகவும் சௌகரியமான கொள்கை. செலவே இல்லாமல் நல்லவன் என்ற பெயரையும் அது அவனுக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறது.

அந்த விவகாரத்துக்குப் பிறகு பல திருத்தங்கள் வந்தன. 2007 ஆம் ஆண்டில் அறநிறுவனச் சட்டம் இறுக்கப்பட்டது. அறநிறுவன மன்றமும், நிர்வாகத்துக்கான நெறிமுறைகளும் ஏற்பட்டன. பொதுமக்களிடம் திரட்டும் நூறு வெள்ளியில், திரட்டும் செலவு 30 வெள்ளியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்தது. ஸ்தாபனங்களின் ஆண்டுக் கணக்கை எவரும் வீட்டிலிருந்தே கணினியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சிறுநீரக ஸ்தாபனமும் புதிய நிர்வாகத்தின் கீழ் நிமிர்ந்து, இன்று நாற்பதுக்கு மேற்பட்ட நிலையங்களில் சேவை செய்துவருகிறது. கோபித்தவர்கள் கேட்ட கேள்விகளால் வந்த நன்மை இது.

ஆயினும், கணக்கைத் திறந்துவைப்பது சட்டத்தின் வேலை. திறந்ததைப் பார்ப்பது நம் வேலை. திறந்து கிடக்கும் கணக்கை எத்தனைபேர் பார்க்கிறோம்? பத்து வெள்ளி மீனை வாங்கச் செவுளைத் தூக்கிப் பார்க்கிற நாம், நூறு வெள்ளி தர்மத்துக்கு ஒரு நிமிடம் செலவிடுவதில்லை. அதிகம் வேண்டாம், நான்கு கேள்விகள் போதும். சென்ற ஆண்டு எவ்வளவு வந்தது? நோயாளிகளுக்கு நேராகப் போனது எவ்வளவு? திரட்டவும் நிர்வகிக்கவும் ஆன செலவு எவ்வளவு? மீதி எவ்வளவு கையில் இருக்கிறது, அது எத்தனை காலத்துக்குக் காணும்? கையில் மீதி இருப்பது தப்பல்ல. புத்தியுள்ள கடைக்காரன் மூன்று மாதச் சரக்கையாவது கிடங்கில் வைத்திருப்பான். நோயாளியின் இயந்திரம் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பதால் ஸ்தாபனமும் வைத்திருக்கத்தான் வேண்டும். நிறைந்த கிடங்கைப் பூட்டிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து காலி என்று அழுவதுதான் தப்பு.

இந்தக் கேள்விகள் பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மிடையே, ஊர்ச் சங்கங்களில், ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அல்ஹம்துலில்லாஹ், நம் ஜனங்களின் கை தாராளமான கை. ஆனால் எவ்வளவு சேர்ந்தது, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டினார்கள், மிஞ்சியது எங்கே என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டும் பழக்கம் எத்தனை இடத்தில் இருக்கிறது? யாராவது ஓர் இளைஞர் எழுந்து கேட்டுவிட்டால், "என்னையா சந்தேகப்படுகிறாய்? முப்பது வருஷமாகச் சங்கத்துக்கு உழைக்கிறேன்" என்று பெரியவர் கோபித்துக்கொள்கிறார். கேட்ட பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறது. மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். வழக்குப் போட்டு வாயடைத்ததற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

அத்தகைய பெரியவர்களிடம் பணிவோடு ஒன்று சொல்லிக்கொள்கிறோம். இந்நாட்டில் கடையில் வைத்திருக்கும் தராசு சோதிக்கப்பட்டு, அதற்கான முத்திரைச் சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சோதிக்க வரும் அதிகாரியிடம், "நான் தொழுகையாளி, என் தராசையா சந்தேகிக்கிறாய்?" என்று எந்த நேர்மையான வியாபாரியும் சண்டைக்குப் போவதில்லை. தராசு சரியாக இருக்கிறவனுக்கு அந்தச் சீட்டு ஓர் உதவி. எதிரே நிற்கும் வாடிக்கைக்காரர் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாய்ப் பையை நீட்டுகிறார். கணக்கும் அப்படித்தான். கேட்கிறவன் உங்கள் மானத்தை எடுக்க வரவில்லை. நாளைக்கு நீங்கள் மறுபடி கை நீட்டும்போது, ஜனங்கள் தயங்காமல் கொடுப்பதற்கு வழிசெய்கிறான். ஒரு நிர்வாகி கணக்கை மறைத்ததால் அவர் ஒருவரின் பெயர் மட்டும் கெடவில்லை. அதற்குப் பிறகு டப்பாவோடு தெருவில் நின்ற எத்தனையோ யோக்கியமானவர்களைப் பார்த்தும், ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நேர்மையாளரின் உழைப்பையும் சேர்த்துத்தான் அவர் செலவழித்துவிட்டார்.

ஆகவே, கொடுத்தபின் கணக்குக் கேட்கலாமா என்ற கேள்விக்கு நம் பதில், கேட்கலாம் என்பது மட்டுமல்ல, கேட்பதும் கொடுப்பதில் ஒரு பகுதியே என்பதாகும். கேட்ட பிறகு கையை மூடிக்கொள்வது எளிது. கேட்டும் கொடுப்பதுதான் கடினம். அந்தக் கடினமான காரியத்தையே நம்மவர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில், வைத்திய உதவி நிதியின் வரவு செலவை ஒரே தாளில் எழுதி வாசலில் ஒட்டும்படி நம் சங்கங்களின் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்வோம். அந்தத் தாளைப் படித்துப் பார்த்த பிறகு, எழுதியவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, அடுத்த நோயாளிக்காக நம் பங்கைக் கொடுப்போமாக.